மலையேற வேண்டுவது வேகமா, வலுவா?

வேகம் வேறு, வலு வேறு. சமநிலத்தில் ஓடும் வண்டியில் இவ்விரண்டின் வேற்றுமை பெரிதாகத் தோன்றுவதில்லை. கண்டியைச் சுற்றியுள்ள மலைப் பாதைகளிலோ அது முதல் வளைவிலேயே வெளிப்பட்டு விடுகிறது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரே நோக்கிச் செல்லும் கரடுமுரடான இடங்களிலும், தேயிலைத் தோட்டத்துக் குறுக்குப் பாதைகளிலும் மோட்டார் சைக்கிள் சில வேளைகளில் நடை வேகத்திலேயே ஏற வேண்டியிருக்கும். அவ்வேளையில் இயந்திரம் திணறி நின்றுவிட்டால், ஓட்டுபவர் பள்ளத்தின் பக்கமாகக் காலை ஊன்ற நேரிடும். ஆகவே, ‘ட்ரெயில் பைக்’ வைத்திருக்கும் இளைஞர்கள் குறைந்த சுழற்சியில் நிறைந்த இழுவை வேண்டுமென்று விரும்புவது நியாயமே. அதற்கு எதனை முதலில் மாற்றுவது என்பதுதான் கேள்வி.

மலை எவ்வளவு கேட்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வண்டியும் ஓட்டுபவரும் சேர்ந்து 180 கிலோ என்று கொள்வோம். றம்புக்கணையிலிருந்து கடுகண்ணாவைக்கு ஏறும் ரயில் பாதை ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி உயர்கிறது. நீராவிக் காலத்தில் அந்தச் சரிவில் ஏறுவதற்கே றம்புக்கணையில் இன்னோர் இயந்திரத்தைத் துணைக்குப் பூட்டினார்கள். அத்தகைய சரிவில் நமது வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை 4 கிலோ எடைக்குச் சமம். ஆறடிக்கு ஓரடி உயரும் தோட்டப் பாதையிலோ அது 30 கிலோ ஆகிவிடுகிறது. இந்தச் சுமையைத் தாங்குவது இயந்திரத்தின் முறுக்கு விசையே, குதிரைவலுக் கணக்கன்று.

எடுத்துக்காட்டாக, 1985இல் வெளிவந்த யமஹா செரோ 225 என்னும் வண்டியை நோக்குவோம். அதன் சிலிண்டரின் விட்டம் 70 மில்லிமீற்றர். பிஸ்டன் செல்லும் தூரம் 58 மில்லிமீற்றர். கொள்ளளவு 223 சி.சி. அதன் 20 குதிரைவலு நிமிடத்துக்கு 8,000 சுழற்சியில் கிடைப்பது. கற்களின் மேல் ஊர்ந்து ஏறுகையில் இயந்திரம் அதில் பாதியளவுகூடச் சுழல்வதில்லை. எனவே உச்ச வலுவைக் கூட்டும் பொருள்களை வாங்கினால், நாம் எட்டாத உயரத்தில் பணத்தைக் கொட்டியவர்களாவோம்.

முதற் கடமை இழந்த வலுவை மீட்பது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025இலேயே மீண்டும் தொடங்கியது. ஆதலால் நம்மிடையே ஓடும் ட்ரெயில் பைக்குகளில் பல, நெடுங்காலம் உழைத்துக் களைத்தவை. காற்று வடிகட்டி அடைத்திருக்கிறதா, வால்வு இடைவெளி சரியா, கிளட்ச் வழுக்குகிறதா, பிரேக் உரசுகிறதா, சிலிண்டரின் அமுக்கம் குறைந்துவிட்டதா என்பவற்றை முதலில் சோதிக்க வேண்டும். ‘வலுவில்லை’ என்ற குறை பல வண்டிகளில் இவ்விடத்திலேயே தீர்ந்து விடும்.

அடுத்து, காற்றைக் கவனிக்க வேண்டும். கண்டி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீற்றர் உயரத்திலும், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்திலும் உள்ளன. நுவரெலியாவில் காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஏறத்தாழ ஆறிலொரு பங்கு குறைவு. காற்றுக் குறைந்தாலும் பழைய காபரேட்டர் அதற்கேற்பப் பெற்றோலைக் குறைப்பதில்லை. கலவை செறிவாகி இயந்திரம் கனக்கிறது. தீப்பொறி பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். நுனி கரிபடிந்து கறுத்திருந்தால் பெற்றோல் மிகுதி, வெளிறியிருந்தால் குறைவு, இளம் பழுப்பாயிருந்தால் நலம். மிகுதியாயின், சற்றுச் சிறிய ஜெட்டைப் பொருத்துவது சிறு செலவே. ஆயினும் கரையோரத்துக்கு இறங்கி ஓட்டுவோர் அதனை மீண்டும் மாற்ற வேண்டும். காற்று மிகுந்த இடத்தில் பெற்றோல் குறைந்தால் இயந்திரம் சூடேறிக் கெடும்.

மூன்றாவது மாற்றமே மலைவாசிகளுக்கு மிகச் சிறந்தது. கராஜ்களில் ‘ஸ்ப்ரொக்கட்’ என வழங்கும் பற்சில்லை மாற்றுவதுதான் அது. முன்சில்லில் 15 பற்கள் இருந்தால் 14 பல்லுள்ளதைப் பூட்டுங்கள். பின்சக்கரத்தின் இழுவை ஏறத்தாழ 7 வீதம் கூடும். அதே சுழற்சியில் வேகம் 60 கிலோமீற்றரிலிருந்து 56 ஆகக் குறையும். நம் வளைவுகளில் அந்த நான்கு கிலோமீற்றரை யார் தேடப் போகிறார்கள்? இதில் இன்னுமொரு பயன் உண்டு. மஹியங்கனை வீதியின் பதினெட்டு வளைவில் இறங்கும்போது இயந்திரமே வண்டியை நன்கு பிடித்து நிறுத்தும். பிரேக் சூடேறுவது குறையும். முன்சில்லை மிகவும் சிறிதாக்கினால் செயின் விரைவில் தேயும் என்பதை மட்டும் மறவாதீர்கள்.

பெரிய பிஸ்டன் பூட்டுவது கடைசி வழி. மேற்சொன்ன வண்டியில் 72 மில்லிமீற்றர் பிஸ்டனைப் பொருத்தினால் கொள்ளளவு 236 சி.சி. ஆகும், ஏறக்குறைய 6 வீதமே கூடும். அதாவது ஒரு பல் குறைத்துப் பெற்றதைவிடக் குறைவு! பிஸ்டனின் தலை முன்போலவே இருந்தால் அமுக்க விகிதம் 9.5இலிருந்து 10 ஆக உயரும். மலையேறும்போது இயந்திரம் ‘கிணுகிணு’வென்று தட்டினால் 92 ஒக்டேன் பெற்றோலை விட்டு 95ஐ நாட வேண்டியிருக்கும். கொள்ளளவு மாறினால் பதிவு விபரத்தையும் காப்புறுதியையும் ஒழுங்குபடுத்துவது அவசியம். இதற்கு மாறாக, 180 கிலோவில் தேவையற்ற 10 கிலோவை இறக்கி வைத்தால், அதே அளவு நன்மை செலவின்றிக் கிடைக்கிறது.

புகைபோக்கியைத் திறந்துவிட்டு ஓசை எழுப்புவோரும் உளர். ஓசை வலுவாகாது. அகன்ற குழாய் உயர்ந்த சுழற்சிக்கு உதவலாம். தாழ்ந்த சுழற்சியில் புகையின் ஓட்டம் தளர்ந்து இழுவை குறைவதே வழக்கம். இரவு லயத்தில் துயில்பவர்கள் அடையும் துன்பமோ தனி.

பெற்றோருக்கு ஒரு சொல். பிள்ளை பணம் கேட்டால் உடனே மறுக்கவும் வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். “எந்தச் சுழற்சியில், எத்தனை வீதம் கூடும்?” என்று கேளுங்கள். விடை கூறத் தெரிந்த பிள்ளை பௌதிகம் கற்றவனாவான். தெரியாதவன் கற்றுக்கொள்ள வழி பிறக்கும். அத்துடன், ஹந்தானைச் சரிவிலும், 2010இல் உலக மரபுரிமையாகிய நக்கிள்ஸ் காட்டிலும் அனுமதிக்கப்பட்ட பாதையை விட்டு ஒரு சக்கரமும் இறங்கலாகாது என்பதையும் சொல்லி வையுங்கள். டயர் கிழித்த மண் அடுத்த மழையில் ஓடையாகிவிடும். அதனை மீண்டும் மலையேற்ற எந்தப் பற்சில்லாலும் இயலாது.