நம் ஆவணங்களின் சாவி யார் கையில்?

1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகம் நோக்கிப் பேரணி போனவர்களில் 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். காவல்துறை அடித்து விரட்டியதற்குச் சாட்சியாக மிஞ்சியவற்றில் முக்கியமானவை கேமராவில் பதிவான காட்சிகள். ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' ஆவணப்படம் அந்த நாளை அடுத்த தலைமுறைக்குக் கொண்டு சேர்த்தது.

இன்று அப்படியொன்று நடந்தால் காட்சிகள் எங்கே இருக்கும்? வாட்ஸ்அப் குழுவில், கூகுள் டிரைவில். வன்கொடுமை வழக்குகளின் எஃப்ஐஆர் நகல், சாட்சிகளின் கைபேசி எண், காயங்களின் படம் எல்லாமே அங்கேதான் கிடக்கின்றன. நிறுவனம் நினைத்தால் கணக்கை மூடலாம். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, தன் முகமைகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை ஒன்றிய அரசிடமே தந்திருக்கிறது. 2018 மே மாதம், தூத்துக்குடி துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு, நெல்லை உள்ளிட்ட மூன்று மாவட்டங்களில் இணையத்தை முடக்கினார்களே, மறந்துவிட்டோமா?

இதற்கு மாற்று இருக்கிறது. சட்டப் பேராசிரியர் எபன் மோக்லன் 2010இல் நியூயார்க்கில் முன்வைத்த யோசனையிலிருந்து பிறந்தது 'ஃப்ரீடம்பாக்ஸ்'. டெபியன் இயங்குதளத்தில் ஓடும் கட்டற்ற மென்பொருள் இது. ராஸ்பெரி பை போன்ற கையகல கணினியே போதும். 'பிளிந்த்' என்ற அதன் நிர்வாகப் பக்கத்தை உலாவியில் திறந்து, கோப்புப் பகிர்வு, அரட்டை, காப்புப்பிரதி என வேண்டியதை ஒரு சொடுக்கில் நிறுவலாம். கட்டளை வரி தெரிய வேண்டியதில்லை. இணையம் அறுந்தாலும் உள்ளூர் வைஃபையில் கோப்புகளை எடுக்கலாம். தெலங்கானாவில் சுவேச்சா அமைப்பினர் இதைக் கிராமங்களுக்கே கொண்டுபோயிருக்கிறார்கள்.

"வீட்டு சர்வர்" என்கிறார்கள். யாருடைய வீடு? தலைமுறைகளாக லைன் வீடுகளில் வாழ்ந்த மாஞ்சோலைத் தொழிலாளர்களை 2024இல் இறங்கிப் போகச் சொன்னார்கள். சொந்த வீடே இல்லாதவர்களுக்கு வீட்டு சர்வர் எதற்கு? ஆகவே நமக்கு வேண்டியது ஊர் சர்வர். அம்பேத்கர் படிப்பகத்தில், இரவுப் பள்ளியில், இயக்க அலுவலகத்தில் அது இருக்கட்டும்.

பெட்டியையே காவல்துறை தூக்கிப் போனால்? நியாயமான கேள்வி. மறையாக்கம் செய்த காப்புப்பிரதியை வேறொரு ஊரின் பெட்டிக்கு அனுப்பும் வசதி அதே பக்கத்தில் இருக்கிறது. சாட்சிகளின் பெயரும் எண்ணும் உள்ள கோப்புகளைத் தனியாகப் பூட்டித்தான் வைக்க வேண்டும்.

இன்னொன்று. பெட்டியை முதலில் இயக்கும்போது உருவாகும் கணக்குக்கே நிர்வாகி அதிகாரம் கிடைக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் வாழ்கிற நமக்கு, மடை யார் கையிலோ விளைச்சல் அவர் கையில் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தக் கடவுச்சொல் ஒரு தலைவரிடமோ, "கம்ப்யூட்டர் தெரிந்த தம்பி" ஒருவரிடமோ முடங்கினால் நாமே இன்னொரு மேல்தட்டை உருவாக்குகிறோம். நிர்வாகிகள் பலராக இருக்கட்டும். அவர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்கட்டும்.

தொழில்நுட்பம் மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு என்று ஒதுங்கி நிற்பது அவர்களுக்குத்தான் வசதி. ஏடும் எழுத்தாணியும் நமக்கு மறுக்கப்பட்டன. சர்வரை நாமே நமக்கு மறுத்துக்கொள்ள வேண்டாம், தோழர்களே.