சதுர அடி 12 ரூபாய் தானா? பேனர், ஹோர்டிங் செலவில் ஒளிந்திருக்கும் பெரிய தொகை!

சென்னை,

ஆடி தள்ளுபடி, தீபாவளி, பொங்கல் என்று சீசன் நெருங்கினால் போதும். பிளக்ஸ் கடைகளில் ராத்திரி பகல் பார்க்காமல் மெஷின் ஓடும். கடை திறப்பு விழா, காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி... எதுவாக இருந்தாலும் வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான். "அண்ணே, சதுர அடி என்ன ரேட்?"

கடைக்காரரும் ஒரு ரேட் சொல்வார். "பரவாயில்லையே, சீப்பா இருக்கே" என்று ஆர்டர் கொடுத்து விடுகிறார்கள். ஆனால் அந்த ரேட் அச்சுக்கு மட்டும்தான். மொத்த செலவில் அது சின்ன பங்கு. மிச்ச செலவு ஒவ்வொன்றாக பின்னால் வரும். அதை குறைக்கப் போய்த்தான் கம்பம் சாய்கிறது, உயிர் போகிறது.

பேனர் மலிவானது எப்படி?

ஒரு காலத்தில் விளம்பர போர்டு என்றால் கையால் வரைவதுதான். தகரத்திலும் துணியிலும் பெயிண்டர்கள் நாள் கணக்கில் சாரத்தில் நின்று வரைந்தார்கள். சினிமா பேனர் வரைவதை நம்பியே சென்னையில் நிறைய குடும்பங்கள் இருந்தன. செலவும் நேரமும் அதிகம் என்பதால் பெரிய கம்பெனிகளும் சினிமாக்காரர்களும் கட்சிகளும்தான் போர்டு வைத்தார்கள்.

2000-க்கு பிறகு டிஜிட்டல் பிளக்ஸ் பரவியதும் நிலைமை தலைகீழ் ஆனது. நாள் கணக்கில் நடந்த வேலை மணிக்கணக்கில் முடிந்தது. பெயிண்டர்கள் பலர் வேறு பிழைப்பு தேடிப் போனார்கள். சாதாரண குடும்பமும் வீட்டு விசேஷத்துக்கு பேனர் வைக்கலாம் என்று ஆனது.

அச்சு மலிவானது உண்மைதான். ஆனால் கம்பு, இரும்பு, ஆள் கூலி, இட வாடகை எதுவும் மலிவாகவில்லை. இங்கேதான் கணக்கு தப்புகிறது.

வீட்டு விசேஷ பேனர்... ஒரு சின்ன கணக்கு

10 அடிக்கு 8 அடி பேனர் என்றால் 80 சதுர அடி. ரேட் ஊருக்கு ஊர் மாறும். ஒரு உதாரணத்துக்கு சதுர அடி 12 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அச்சு செலவு 960 ரூபாய். ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்த மாதிரி தெரியும்.

பிரேம் அடிக்க 1,500 ரூபாய், வண்டியில் ஏற்றிப்போய் கம்பு நட்டு கட்ட 1,000 ரூபாய், விசேஷம் முடிந்து கழற்ற 500 ரூபாய் என்று சேர்த்தால் மொத்தம் 3,960 ரூபாய். அச்சு செலவைப் போல 4 மடங்கு! இதே மாதிரி 6 பேனர் வைத்தால் 23 ஆயிரத்து 760 ரூபாய் ஆகிவிடும். மொய்யில் வந்த பணத்தில் ஒரு பங்கு இப்படியே போகும்.

இதில் பலரும் மிச்சம் பிடிப்பது கடைசி 500 ரூபாயில்தான். "யாராவது கழட்டிக்குவாங்க" என்று விட்டு விடுகிறார்கள். வெயிலிலும் மழையிலும் கயிறு இற்றுப்போய், அந்த பேனர் ரோட்டில் போகிறவர்கள் தலைக்கு மேல் தொங்குகிறது.

பெரிய போர்டில் வாடகைதான் மெயின்

கடைக்கு ஹோர்டிங் எடுக்க நினைக்கும் சிறு வியாபாரிகளுக்கு கணக்கே வேறு. அங்கே விற்பது பிளக்ஸ் அல்ல. இடம்தான் விற்பனை சரக்கு.

சிக்னல் பக்கத்தில் வண்டிகள் நின்று போகும் இடமா? எதிரே வருகிறவர் கண்ணுக்கு நேராக தெரிகிறதா? மரக்கிளை மறைக்கிறதா? ராத்திரி விளக்கு உண்டா? பஸ் ஸ்டாண்ட் பக்கமா, பைபாஸ் ஓரமா? இதைப் பொறுத்து வாடகை பல மடங்கு மாறும். பண்டிகை சீசனில் இன்னும் ஏறும்.

சென்னையில் முன்பு திரும்பிய பக்கம் எல்லாம் ராட்சத போர்டுகள் இருந்தன. 2008-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக்கு பிறகு அனுமதி இல்லாத ஹோர்டிங்குகள் பெரிய அளவில் அகற்றப்பட்டது குறிப்பிடத்தக்கது. அனுமதி உள்ள இடம் குறைந்தால் அதன் வாடகை ஏறத்தான் செய்யும். மிகவும் குறைந்த வாடகையில் நல்ல இடம் தருகிறோம் என்று யாராவது சொன்னால், அனுமதி இருக்கிறதா என்று முதலில் பார்ப்பதே நல்லது.

ஒரு உதாரண பட்ஜெட். 20 அடிக்கு 10 அடி போர்டு, ஒரு மாதம்:

இட வாடகை - 25,000 ரூபாய்
அச்சு (200 சதுர அடி, 12 ரூபாய் வீதம்) - 2,400 ரூபாய்
ஏற்றி மாட்டும் கூலி - 2,000 ரூபாய்
டிசைன் - 1,000 ரூபாய்
கூட்டினால் - 30,400 ரூபாய்
ஏஜென்சி மொத்தமாக பில் போட்டால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் - 5,472 ரூபாய்
மொத்தம் - 35,872 ரூபாய்

இந்த தொகையில் அச்சு செலவு 100-க்கு 7 ரூபாய் கூட இல்லை. அச்சில் ரூபாய்க்கு ரூபாய் பேரம் பேசி, வாடகையை கேட்ட விலைக்கு கொடுப்பது புத்திசாலித்தனம் ஆகாது.

ஜி.எஸ்.டி. விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. பெரிய கம்பெனிகள் கட்டிய வரியை தங்கள் வரி கணக்கில் கழித்துக்கொள்ளும். ஜி.எஸ்.டி. பதிவு இல்லாத சின்ன கடைக்காரருக்கும், காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கும் அந்த வசதி கிடையாது. அவர்களுக்கு அந்த 18 சதவீதமும் சுத்தமான செலவுதான்.

எல்.இ.டி. போர்டில் என்ன தருகிறார்கள்?

இப்போது எல்.இ.டி. திரை விளம்பரமும் வந்துவிட்டது. அச்சு செலவு இல்லை, ஆள் ஏற வேண்டியது இல்லை. ஆனால் அங்கே போர்டு முழுசாக ஒருவருக்கு கிடைப்பது இல்லை. ஒரு நிமிடத்தை 10 வினாடி வீதம் 6 பேருக்கு பிரித்து கொடுத்தால், அந்த ரோட்டில் போகிற வண்டிகளில் பல, மற்ற 5 பேரின் விளம்பரத்தை பார்த்துவிட்டு போய்விடும்.

எனவே ஒரு சுற்றில் எத்தனை விளம்பரம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் திரை ஓடும் என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். 16 மணி நேரம் ஓடினால், நிமிடத்துக்கு ஒரு முறை வீதம் ஒரு நாளில் 960 முறை வரவேண்டும். திரை பழுதானால் அந்த நாட்களுக்கு பணம் கழிப்பார்களா என்பதையும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

எத்தனை பேர் கடைக்கு வரணும்?

போர்டு வைத்தால் கூட்டம் வரும் என்பது பொதுவான நம்பிக்கை. நம்பிக்கையை விட கணக்கு முக்கியம்.

மேலே சொன்ன 35,872 ரூபாயை எடுத்துக்கொள்வோம். ஒரு வாடிக்கையாளரிடம் கடைக்கு நிகர லாபம் 150 ரூபாய் என்றால், அந்த மாதம் 240 பேர் புதிதாக வந்து வாங்கினால்தான் போட்ட காசு திரும்பும். அதாவது தினமும் 8 பேர். வழக்கமாக வருகிறவர்கள் இதில் சேர மாட்டார்கள்.

தினமும் 8 பேர் கூடுதலாக வர வாய்ப்பு இருந்தால் போர்டு எடுக்கலாம். இல்லை என்றால் கடை வாசலிலேயே பளிச்சென்று ஒரு பெயர் பலகை, தெருவில் நோட்டீஸ் என்று போவதே லாபம். "எங்கே பார்த்து வந்தீங்க?" என்று வருகிறவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் குறித்து வைத்தால், அடுத்த மாதம் போர்டு வேண்டுமா வேண்டாமா என்று தெரிந்துவிடும்.

பில்லில் எழுதாத செலவு

ரேட் குறைவாக சொல்கிறவர் எதில் குறைக்கிறார்? பிளக்ஸ் விலையும் மை விலையும் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். குறைக்க முடிந்தது கம்பத்தின் பலம், வெல்டிங், அஸ்திவாரம், அனுமதி கட்டணம், மேலே ஏறும் தொழிலாளியின் பாதுகாப்பு பெல்ட்... இவை தான்.

காற்றின் பலத்தை பலரும் நினைத்துப் பார்ப்பது இல்லை. மணிக்கு 60 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் 10-க்கு 8 அடி பேனர் மீது சுமார் 125 கிலோ அழுத்தம் விழும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்காகும். அதாவது அரை டன். இதை தாங்க வேண்டியது நாலு சவுக்கு கம்பும் கொஞ்சம் கட்டுக்கம்பியும்!

பெரிய போர்டுக்கு இன்னும் மோசம். கட்டுமான தர விதிகளில் சென்னைக்கு எடுத்துக்கொள்ளும் அடிப்படை காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோ மீட்டர். அந்த வேகத்தில் 40-க்கு 20 அடி போர்டு மீது தோராயமாக 11 டன் அழுத்தம் விழும். அதற்கு தகுந்த இரும்பும் கான்கிரீட்டும் போட்டால் செலவு ஏறும். போடாவிட்டால்?

2019 செப்டம்பரில் பள்ளிக்கரணை அருகே ஸ்கூட்டரில் வேலை முடிந்து வந்த 23 வயது மென்பொருள் பெண் பொறியாளர் மீது, கல்யாண வரவேற்புக்கு சாலை நடுவே வைத்திருந்த பேனர் சரிந்து விழுந்தது. நிலை தடுமாறி விழுந்த அவர் மீது பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. தமிழகமே அதிர்ந்தது. அவரது குடும்பத்துக்கு இடைக்கால நிவாரணமாக 5 லட்சம் ரூபாய் வழங்க ஐகோர்ட்டு உத்தரவிட்டது. அனுமதி இல்லாத பேனர்களுக்கு ஐகோர்ட்டு 2018-லேயே தடை விதித்திருந்தது என்பதுதான் வேதனை.

2023 ஜூன் 1-ந் தேதி கோவை மாவட்டம் கருமத்தம்பட்டி அருகே ராட்சத விளம்பர போர்டு சரிந்தது. அதை பொருத்தும் வேலையில் இருந்த தொழிலாளர்கள் 3 பேர் பலியானார்கள். கூலிக்கு ஏறியவர்கள் திரும்பி வரவில்லை.

2024 மே 13-ந் தேதி மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மீது 120-க்கு 120 அடி போர்டு விழுந்தது. 17 பேர் பலி. அங்கே மாநகராட்சி அனுமதிக்கும் அளவு 40-க்கு 40 அடிதான். அதாவது அனுமதி அளவைப் போல 9 மடங்கு பரப்பு!

சட்டம் என்ன சொல்கிறது?

2023 ஏப்ரலில் அமலுக்கு வந்த தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி விதிகளின்படி, நகரங்களில் விளம்பர போர்டு வைக்க உள்ளாட்சி அமைப்பிடம் உரிமம் பெற வேண்டும். மீறினால் வழக்கு, அபராதம் உண்டு. போர்டை அதிகாரிகள் அகற்றினால், விளம்பரம் கொடுத்தவர் கட்டிய முன்பணம் அம்போதான். மொட்டை மாடியை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரும் கேள்விக்கு பதில் சொல்ல வேண்டி வரும்.

பணம் கொடுப்பதற்கு முன்...

* போர்டின் உரிம எண் என்ன, எந்த தேதி வரை செல்லும் என்று பார்த்து நகல் வாங்க வேண்டும்.
* கம்பம், அஸ்திவாரம் உறுதியாக இருப்பதாக இன்ஜினீயர் கொடுத்த சான்றிதழ் கேட்க வேண்டும்.
* விபத்து நடந்தால் வெளி ஆட்களுக்கும், ஏறும் தொழிலாளிக்கும் இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும்.
* வாடகை, அச்சு, கூலி, வரி தனித்தனியாக எழுதிய பில் வாங்க வேண்டும்.
* பிளக்ஸ் கிழிந்தால் மாற்றுவது யார் செலவு, எத்தனை நாளில் என்று எழுதி வாங்க வேண்டும்.
* மாட்டிய தேதியில் எடுத்த போட்டோ கேட்க வேண்டும். வாடகை நாள் அன்றிலிருந்துதான் ஓட வேண்டும்.
* புயல் எச்சரிக்கை வந்தால் கழற்றுவது யார் பொறுப்பு என்று பேச வேண்டும்.

இந்த கேள்விகளுக்கு ஒழுங்காக பதில் சொல்கிறவரின் ரேட் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும். அந்த கூடுதல் பணம்தான் கம்பத்தை நிற்க வைக்கிறது, மேலே ஏறிய தொழிலாளியை வீட்டுக்கு அனுப்புகிறது.

பட்ஜெட் இடிக்கிறதா? அளவை குறைக்கலாம், நாளை குறைக்கலாம், 6 பேனருக்கு பதில் ஒன்று வைக்கலாம். வைக்காமலும் இருக்கலாம். காதுகுத்துக்கு வர வேண்டிய தாய்மாமன் பேனர் பார்த்தா வரப்போகிறார்?