கால் புண்ணும் மழை மண்ணும்



கேமரன் மலையில் மழை பிடித்துவிட்டால் ரிங்லெட்டிலிருந்து பிரிஞ்சாங் வரை தேயிலைச் சரிவெல்லாம் சேறுதான். அந்தச் சேற்றில் நின்று கொழுந்தெடுப்பவர்களையும், காய்கறிப் பாத்தியில் மண் கிளறுபவர்களையும் நினைத்தே இதை எழுதுகிறேன்.

ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு கிருமி, புண் வழியாகவோ மூச்சு வழியாகவோ புகுந்து மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தருகிறது. 1912-இல் ரங்கூனிலிருந்து இந்நோயை முதன்முதலில் விவரித்து எழுதியவர்கள் இருவர்: விட்மோர், கிருஷ்ணசாமி. நோய்க்கு விட்மோரின் பெயர் ஒட்டிக்கொண்டது. கிருஷ்ணசாமியை உலகம் மறந்தது. நாமாவது மறக்க வேண்டாம். நம் பகாங்கிலும் இது உயிர் பறித்திருக்கிறது. 2010-இல் லுபுக் யூ நீர்வீழ்ச்சியில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களை இந்நோயும் எலிக்காய்ச்சலும் சேர்ந்தே தாக்கின.

இந்தக் கிருமிக்கு ஒரு பங்காளி உண்டு. அதுவும் மண்ணில்தான் வாழ்கிறது. ஆனால் மனிதரை அநேகமாகத் தொந்தரவு செய்வதில்லை. இரண்டையும் ஒன்றென்றே வெகுகாலம் எண்ணியிருந்தார்கள். அராபினோஸ் என்ற சர்க்கரையை ஒன்று உண்கிறது, மற்றது தொடுவதில்லை. மரபணு வரிசையும் வேறுபட்டது. 1998-இல்தான் சாதுவானதைத் தனி இனமாகப் பிரித்தார்கள்.

இன்று ஒரே இனத்துக்குள்ளும் வம்சாவளி பார்க்க முடிகிறது. 2021-இல் அமெரிக்காவின் நான்கு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியோய்டோசிஸ் வந்தது. யாரும் வெளிநாடு போனதில்லை. கிருமியின் மரபணுவை முழுதாகப் படித்தபோது நால்வரிடமும் இருந்தது ஒரே வகை என்று தெரிந்தது. அதன் சாயல் தெற்காசியாவைக் காட்டியது. கடைசியில், ஒரு நோயாளியின் வீட்டிலிருந்த வாசனைத் தெளிப்பானில் அதே கிருமி சிக்கியது. இந்தியாவில் தயாரான புட்டி அது. அதற்குள் இருவர் இறந்துபோயிருந்தார்கள். புட்டிகளைத் திரும்பப் பெற்றார்கள். மரபணுவைப் படிக்காதிருந்தால் இந்த நான்கு வீடுகளையும் ஒரு நூலில் கோத்திருக்கவே முடியாது என்பது என் எண்ணம்.

ஆனால் ஆய்வுக்கூடம் வரை போக, முதலில் டாக்டருக்குச் சந்தேகம் வர வேண்டும். வழக்கமான மருந்துகள் பல இந்தக் கிருமியிடம் பலிப்பதில்லை. சரியான மருந்தையும் மாதக்கணக்கில் எடுக்க வேண்டும். இனிப்புநீர் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். ஆகவே, காலில் புண் இருந்தால் மூடிக் கட்டுங்கள்; பூட்ஸ் போடாமல் சேற்றில் இறங்காதீர்கள். காய்ச்சல் விடாமல் அடித்தால், கிளினிக்கில் உட்கார்ந்ததும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்: "டாக்டர், நான் தோட்டத்தில் மண்ணில் வேலை செய்கிறேன்."

அன்புடன்,
ஆசிரியர்