காஞ்சிப் பட்டும் பத்து ரூபாய் விண்ணப்பமும்

பட்டென்றால் காஞ்சி, காஞ்சியென்றால் பட்டு என்று பேசிப் பேசி நாம் பழகிவிட்டோம். பள்ளிப் பேச்சுப் போட்டியில் நானும் இதைத்தான் பேசினேன். கைதட்டலும் சோப்புப் பெட்டி ஒன்றும் பரிசாகக் கிடைத்தன. அந்தக் கைதட்டலால் எந்த நெசவாளர் வீட்டிலும் உலை கொதித்ததில்லை என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. இத்தனைக்கும் நான் நெசவாளர் மகன். வாலாஜாபாத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பாதி இடம் தறிக்குத்தான். மீதியில்தான் நாங்கள் ஐவரும் உண்பதும் உறங்குவதும்.

சில ஆண்டுகளுக்கு முன் அப்பா புதுக் கரை ஒன்றை உருவாக்கினார். ருத்ராட்சக் கரை பழையது, எல்லோரும் நெய்வது. அதன் நடுவே நாகலிங்கப் பூவை வைத்துப் பார்த்தால் என்ன என்று அவருக்கு ஓர் எண்ணம். என் கணக்கு நோட்டின் கட்டத்தாள்களைக் கிழித்து இரவு இரவாக வரைந்தார். பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி பார்த்து மகிழ்ந்தார். தம் செலவில் ஜக்கார்டு அட்டை அடித்துத் தந்தார். ஆறு சேலைகள் நெய்யப்பட்டன. கோர்வைச் சேலையாதலால் கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா. மறுபுறம் அமர்ந்து நாடாத் தள்ள ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் என் அம்மா.

அடுத்த தீபாவளிக்கு வேறோர் ஊரில் ஒரு கடைக் கண்ணாடியில் அதே கரையைக் கண்டேன். உள்ளே போய்த் தொட்டுப் பார்த்தேன். விசைத்தறிச் சேலை, கரையும் உடலும் ஒரே ஓட்டத்தில் ஓடியிருந்தன, கோர்வையின் பிணைப்பு இல்லை. ஜரிகையும் வெள்ளியன்று. விலை மூன்றில் ஒரு பங்கு. சீட்டில் மட்டும் 'காஞ்சிபுரம் பட்டு' என்று அழகாக அச்சிட்டிருந்தார்கள். "இது காஞ்சிபுரத்தில் நெய்ததா அண்ணே?" என்று கேட்டேன். "தம்பி, காஞ்சிபுரம்னா அது டிசைன் பேரு. ஊர் பேருன்னா நெனச்சே?" என்றார் விற்பனையாளர். அவர் பொய் சொல்வதாகவும் எனக்குத் தோன்றவில்லை. உண்மையாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார்.

நண்பர்களே, ஊர்ப் பெயர் டிசைன் பெயராகிவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு சட்டம் இருக்கிறது. 1999-இல் இயற்றப்பட்டு 2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம். அதன் பதிவகம் தில்லியிலும் பம்பாயிலும் இல்லை. நம் சென்னைக் கிண்டியில்தான் இருக்கிறது. முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. காஞ்சிபுரம் பட்டு 2005-06-ஆம் ஆண்டிலேயே பதிவாகிவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பெயரைத் தவறாகப் பயன்படுத்தினால் சிறையும் அபராதமும் உண்டு. பின் ஏன் அந்தக் கடைச் சீட்டு அவ்வளவு துணிவாகத் தொங்கிற்று?

வழக்குத் தொடுக்க ஆள் வேண்டுமல்லவா? காஞ்சிப் பட்டின் பதிவுற்ற உரிமையாளர் தமிழக அரசின் கைத்தறித் துறை. நெசவாளர் அப்பெயருக்குரியவராக வேண்டுமானால் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனியே பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தவர், பெயர் களவு போனால் தாமே நீதிமன்றம் ஏறலாம். பதியாதவர் வேடிக்கை பார்க்கலாம். 2025-இல் பிராடா என்னும் இத்தாலிய நிறுவனம் மிலான் நகரில் கோலாப்பூர்ச் செருப்பின் சாயலில் செருப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது நாடே கொதித்தது. வழக்கறிஞர்கள் சிலர் பொதுநல வழக்கும் போட்டனர். அவர்கள் அக்குறியீட்டின் உரிமையாளர்கள் அல்லர் என்று சொல்லிப் பம்பாய் உயர்நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. சினமும் நியாயமும் இருந்தன. பட்டியலில் பெயர் இல்லை.

நெசவாளர் அப்படிப் பதிந்துகொள்ள முன்பு ஐந்நூறு ரூபாய் கட்டணம். 2020-இல் விதிகளைத் திருத்திப் பத்து ரூபாய் ஆக்கினார்கள். ஒரு தேநீர்க் காசு! எங்கள் தெருவில் இதை அறிந்தவர் யாரென்று கேட்டுப் பார்த்தேன். ஒருவருமில்லை. வணிகவியல் மாணவனாகிய நானே வணிகச் சட்டத் தேர்வுக்காக இவற்றை உருப்போட்டேன். நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். வீட்டில் அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

சரி, பெயர் போகட்டும். அந்த நாகலிங்கப் பூ யாருடையது? அப்பா வரைந்தது, ஆகவே அப்பாவுடையது என்றுதான் நானும் எண்ணினேன். 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பணம் பெற்றுக்கொண்டு பிறருக்காகச் செய்த வடிவமென்றால், செய்வித்தவரே உரிமையாளர். முதலாளி அதைப் பதிந்திருந்தால் பத்தாண்டுகளும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டுகளும் காவல் கிடைத்திருக்கும். அவரும் பதியவில்லை. கடையில் தொங்கவிட்ட பிறகு பதியப் போனாலும் பயனில்லை. வெளியே தெரிந்துவிட்ட வடிவம் புதியதன்று என்பார்கள். பதிப்புரிமை இருக்கிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் புரட்டினோம். பதியத்தக்க வடிவத்தைப் பதியாமல் விட்டு, உரிமையாளரே தொழில்முறையில் ஐம்பதுக்கு மேல் படியெடுத்துவிட்டால் அவ்வுரிமையும் போய்விடும். குழித்தறி நெசவு இந்தத் 'தொழில்முறை'யில் சேருமா என்று வழக்கறிஞர்கள் வாதிடட்டும். ஐம்பது கோர்வைச் சேலை நெய்ய ஒரு குடும்பத்துக்கு எத்தனை காலம் ஆகுமென்று சட்டம் எழுதியவர்களை எங்கள் கூடத்தில் உட்காரவைத்துக் காட்ட ஆசை.

"சட்டம் சோறு போடுமா தம்பி? கடைக்காரன் மேல் கேஸ் போட உங்கப்பாவால் முடியுமா?" என்று எங்கள் பேராசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். தனியொருவரால் முடியாது, கூட்டுறவுச் சங்கம் முன்னின்றால் முடியும். சங்கங்கள் கூலி கொடுப்பதோடும் தள்ளுபடி விற்பனையோடும் நின்றுவிடாமல், உறுப்பினர் ஒவ்வொருவரையும் பயனாளராகப் பதிய வேண்டும் என்பது என் கருத்து. 1985-இல் கைத்தறிக்கென்றே 22 இரகங்களை ஒதுக்கினார்கள். அப்பட்டியல் பின்னர் 11 ஆகச் சுருங்கிற்று. மேலிருந்து வரும் காவலை மட்டும் நம்பி எத்தனை காலம் இருப்பது?

பணத்தின் கதையும் ஏறக்குறைய இதுவே. சொந்தக் கணக்கில் நெய்து விற்கும் என் சித்தப்பாவுக்குக் கடைக்காரர் ஆறு மாதம் கழித்துத்தான் காசு தருவார். 2006-ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டப்படி, பதிவு பெற்ற சிறு உற்பத்தியாளருக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தைப் போல மும்மடங்கு கூட்டு வட்டி. உத்யம் என்னும் அப்பதிவுக்குக் கட்டணமே இல்லை. சித்தப்பாவிடம் சொன்னேன். "வட்டி கேட்டா அடுத்த சேலையை எவன்டா வாங்குவான்?" என்றார். அதற்கு என்னிடம் விடையில்லை. ஆனாலும் பதிந்துகொண்டார், பதிவுச் சீட்டை வைத்து வங்கியில் கடன் கேட்டிருக்கிறார்.

அப்பாவுக்கான விண்ணப்பத்தைச் சென்ற மாதம் எழுதினேன். தொழிலைச் சொல்ல வேண்டிய இடம் வந்தது. "கூலின்னு போடு" என்றார் அப்பா. வடிவமைப்புச் சட்டத்தின் கண்ணில் அவர் கூலிக்காரர்தான். ஆனால் புவிசார் குறியீட்டுச் சட்டத்தில் பொருளைச் செய்பவர் உற்பத்தியாளர். (விற்கும் வணிகரையும் அதில் சேர்த்திருக்கிறார்கள், அந்தக் குறை எனக்குண்டு.) சட்டப் புத்தகத்தைத் திறந்து அந்த வரியை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு நாடாவைக் கீழே வைத்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று கேட்டார்.