ஒயரைப் பிடுங்கினால் விளக்கு அணையும், பிரேக்?

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களோடு எனக்குத் தீராத வழக்கு ஒன்று உண்டு. பிரேக் எச்சரிக்கை விளக்கு அணையாமல் எரிந்தால், நம் பக்கத்துப் பட்டறைகள் பலவற்றில் ஒரே வைத்தியம்தான்: ஸ்விட்ச் ஒயரைப் பிடுங்கி டேப் சுற்றிவிடுவது. "ஸ்விட்ச் கம்ப்ளைன்ட் சார், பிரேக் நல்லாத்தான் பிடிக்குது" என்பார்கள். வண்டிக்காரரும் நிம்மதியாகப் போய்விடுவார். அது வைத்தியமே இல்லை என்பது என் கட்சி.

ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயரை எடுத்துக்கொள்வோம். 1962இல் இங்கிலாந்தில் வந்த, இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார். நமக்கு ஒன்றும் அந்நியமில்லை. சென்னையில் 1961இல் தயாராகத் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டின் உறவுதான். ஹெரால்டின் சேஸிஸைக் குறுக்கித்தான் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டுக்கும் வடிவம் வரைந்தவர் இத்தாலியரான மிக்கலாட்டி.

அந்தக் காலத்து வண்டிகளில் பிரேக்குக்கு ஒரே லைன். பைப் வெடித்தால் பெடல் தரையில் போய் உட்காரும். விளக்கு எதற்கு? காலே சொல்லிவிடும். 1968இலிருந்து அமெரிக்காவில் விற்கும் கார்களுக்குத் தனித்தனியாக இரண்டு லைன் வேண்டும், ஒன்று போனால் காட்ட ஒரு விளக்கும் வேண்டும் என்று சட்டமாயிற்று. ஸ்பிட்ஃபயரிலும் அப்படியே வந்தது.

சங்கதி இங்கேதான் இருக்கிறது. இரண்டில் ஒரு லைன் போனாலும் வண்டி எப்படியோ நிற்கும். பெடல் முன்னைவிட ஆழமாக இறங்கும். மெதுவாக ஒழுகுகிற வண்டியென்றால் காலும் அதற்குத் தக்கபடி பழகிக்கொள்ளும். அதனால் "பிரேக் பிடிக்குது" என்பது சாட்சியே ஆகாது. பாதி பிரேக்கும் பிடிக்கத்தான் செய்யும். கால் சொல்லாததைச் சொல்லவே விளக்கை வைத்தார்கள்.

அது வேலை செய்யும் விதம் எளிது. இரண்டு லைனும் ஒரு சின்ன வால்வில் சேருகின்றன. உள்ளே ஒரு குட்டி பிஸ்டன், இரு பக்க அழுத்தமும் சமமாக இருக்கும்வரை நடுவில் நிற்கும். ஒரு பக்கம் அழுத்தம் குறைந்தால் அந்தப் பக்கம் நகர்ந்து, மேலே இருக்கும் பிளாஸ்டிக் ஸ்விட்சின் ஊசியை அழுத்தும். விளக்கு எரியும்.

இன்ஜின் ஓடும்போது விளக்கு எரிகிறதா? முதலில் ஆயில் டப்பாவின் இரண்டு அறைகளிலும் அளவு பாருங்கள். பிறகு வண்டியை நிறுத்தி வைத்தபடியே ஸ்விட்சிலிருந்து கனெக்டரைக் கழற்றுங்கள். அப்போதும் எரிந்தால் ஒயர் எங்கோ தோல் உரிந்து பாடியில் படுகிறது. அணைந்தால், ஸ்விட்சைத் திருகி எடுத்து மல்டிமீட்டர் வையுங்கள். ஊசியை அழுத்தினால் மட்டும் தொடர்பு கிடைக்க வேண்டும். அப்படிக் கிடைத்தால் ஸ்விட்ச் நிரபராதி, பிஸ்டன்தான் நகர்ந்திருக்கிறது. கசிவா, காற்றா என்று தேடுவதுதான் அடுத்த வேலை. ஸ்விட்ச் இருந்த குழி காய்ந்திருக்க வேண்டும். அங்கே பிரேக் ஆயில் தெரிந்தால் வால்வின் சீல் போய்விட்டது.

என்றைக்குமே எரியாத விளக்கு இதைவிட மோசம். ஸ்பிட்ஃபயரில் இந்த விளக்கை இன்ஜின் ஆயில் விளக்கோடு கோத்திருப்பார்கள். சாவி போட்டதும் இரண்டும் எரிய வேண்டும்; இன்ஜின் ஓடியதும் இரண்டும் அணைய வேண்டும். பல்பு உயிரோடு இருக்கிறதா என்று தினமும் பார்க்க ஒரு நல்ல ஏற்பாடு. எரியவில்லை என்றால் பல்பு, ஃபியூஸ், பச்சைக் களிம்பு பிடித்த கனெக்டர் என்று வரிசையாகப் பார்க்கலாம். அரை மணி வேலை.

"வருஷத்துக்குப் பத்து நாள் ஓடுற வண்டி, இதுக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்கிறார்கள். அதனால்தான் வேண்டும் என்கிறேன். நின்றே கிடக்கும் வண்டியில் ரப்பர் சீல் காய்கிறது, பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கிறது, சிலிண்டர் உள்ளே துருப்பிடிக்கிறது. உதிரிபாகம் கிடைப்பது கஷ்டம் என்பது நியாயமான பேச்சுதான். அப்படியானால் கிடைக்கும்வரை வண்டி ஷெட்டில் நிற்கட்டும்.

நெய்க்காரப்பட்டி இருப்பது பழனி - உடுமலை சாலையில். தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் பாதயாத்திரைக்காரர்கள் குழந்தைகுட்டியோடு, இரவென்றும் பாராமல் சாலையோரம் நடந்து போகிறார்கள். தெற்கே பழனியிலிருந்து கொடைக்கானல் ஏறும் மலைப்பாதை. ஏறிய வண்டி இறங்கித்தானே ஆக வேண்டும்? நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரத்துக்கு. முன் லைன் போய், பின் பிரேக்கை மட்டும் நம்பி அந்த வளைவுகளில் இறங்குபவர் தன் உயிரை மட்டும் பணயம் வைக்கவில்லை.

இன்றைய கார்களிலும் பிரேக் ஆயில் குறைந்தால் ஹேண்ட்பிரேக்கின் சிவப்பு விளக்கே எரியும். ஆகவே இது பழைய கார் பிரியர்களுக்கு மட்டுமான பேச்சு இல்லை. பட்டறையில் வண்டி எடுக்கும்போது "விளக்கு அணைஞ்சிடுச்சா?" என்று கேட்காதீர்கள். "ஏன் எரிஞ்சுது?" என்று கேளுங்கள். அதற்குப் பதில் வராதவரை சாவியை வாங்காதீர்கள்.