பட்டை தொடும்வரை பொறுத்திருக்கலாமா?

முன்பு தாயகத்தில் எம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் கடந்த மாதம் ஒரு ஞாயிறு பின்னேரம் எமது வீடு தேடி வந்திருந்தார். இன்று அவர் ஒன்ராறியோவில் பார ஊர்திச் சாரதி. கையிலே ஒரு தண்டப் பத்திரம். முன்சில்லு ரயர் தேய்ந்துவிட்டதென வீதிப் பரிசோதனையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். “பட்டை இன்னும் தொடவில்லையே சேர், பிறகேன் தண்டம்?” என்பதே அவரது கேள்வி. கலைப்பட்டதாரியாகிய எமக்கு ரயரைப் பற்றி என்ன தெரியும்? எனினும் சட்டத்தை வாசிக்கத் தெரியும். இருவருமாக இருந்து வாசித்தோம். வாசித்தறிந்ததை வாசகர்களுக்கும் சொல்லிவைப்பது நன்றென எண்ணுகிறோம்.

ரயரைச் சுற்றி ஓடும் ஆழமான தவாளிப்புகளே மழைநீரை வெளியே தள்ளி, ரயர் வீதியைப் பற்றிப் பிடிக்க உதவுகின்றன. அத்தவாளிப்புகளின் அடியிலே குறுக்காகச் சிறிய இறப்பர் மேடுகள் இருக்கும். தேய்மானத்தைக் காட்டும் பட்டைகள் அவைதாம். பெரிய பார ஊர்தி ரயர் ஒவ்வொன்றிலும் ஏறக்குறையச் சம இடைவெளியில் குறைந்தது 6 இடங்களில் அவை அமைதல் வேண்டுமென்பது அமெரிக்க நியமம். அவற்றின் உயரம் 1.6 மில்லிமீற்றர். ரயர் தேய்ந்து பட்டையோடு மட்டமாகிவிட்டால், எஞ்சியுள்ள ஆழம் அவ்வளவே.

எமது மாணவர் சறுக்கியது இங்கேதான். பட்டை எல்லாச் சில்லுகளுக்கும் ஒரே அளவைச் சொல்கிறது; சட்டமோ முன்சில்லைத் தனியாகவே நோக்குகிறது. ஒன்ராறியோவில் 4,500 கிலோகிராமுக்கு மேற்பட்ட பார ஊர்தியின் முன்சில்லு ரயர்களில் குறைந்தது 3 மில்லிமீற்றர் ஆழம் இருத்தல் வேண்டும். எல்லை கடந்து அமெரிக்கா செல்வோருக்கு அது அங்குலத்தின் 32 இல் 4 பங்கு, அதாவது ஏறத்தாழ 3.2 மில்லிமீற்றர். ஏனைய சில்லுகளுக்கு அங்கே 32 இல் 2 பங்கு போதும். வண்டியைத் திருப்புவது முன்சில்லு. அது வழுக்கினால் சாரதியின் கையில் ஒன்றுமில்லை. ஆகவே முன்சில்லிலே பட்டை தொடும்வரை காத்திருப்பது, பரீட்சைப் பெறுபேறு வந்தபின் புத்தகத்தைத் திறப்பதற்கு ஒப்பாகும்.

“பட்டை தொட்ட பிறகு மாற்றலாம்” என்று முதலாளி சொன்னாராம். வேலை போய்விடுமோ என்ற அச்சத்தில் இவரும் பேசாதிருந்துவிட்டார். அந்த அச்சத்தை நாம் அறியாதவர்களல்லர். ஆனால் ஒவ்வொரு நாளும் வண்டியைப் பரிசோதித்துப் பத்திரத்தில் கையொப்பமிடுபவர் சாரதியே. வாயால் சொன்ன முறைப்பாடு காற்றோடு போய்விடும். குறையை அப்பத்திரத்தில் எழுதுங்கள். பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருப்பது அவரவர்க்குப் பாதுகாப்பு.

ஆழம் அளக்கும் சிறு கருவி சில டொலருக்குக் கிடைக்கிறது. அதனைப் பிரதான தவாளிப்புகளில் பல இடங்களில் வைத்து அளத்தல் வேண்டும். பட்டையின் மேல் வைத்து அளக்கலாகாது. சில ரயர்களின் தவாளிப்புகளில் கல் சிக்காதிருக்கச் சிறு முளைகள் உண்டு. அவற்றைப் பட்டையென மயங்கிவிடாதீர்கள். தேய்ந்த விதமும் ஒரு செய்தி சொல்லும். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்றுக் குறைவு. நடுப்பகுதி தேய்ந்தால் காற்று மிகை. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் சில்லின் நேர்வரிசை பிசகியிருக்கக்கூடும். பின்புறத்து இரட்டைச் சில்லுகளில் உட்புறத்து ரயரைக் குனிந்து, வெளிச்சம் பிடித்துப் பார்க்கவேண்டும். அதனை மறப்பவர்களே அதிகம்.

மறுவாரம் அந்த மாணவர் தொலைபேசியில் அழைத்தார். குறையை எழுதிக் கொடுத்தாராம். முன் ரயர்கள் இரண்டும் மாற்றப்பட்டுவிட்டனவாம். தண்டப் பணம் மட்டும் அவருடைய சம்பளத்திலிருந்தே போயிற்று. “எங்கட பெடியளுக்கு இதை எழுதுங்கோ சேர்” என்றார். எழுதிவிட்டோம். வீட்டிலே பார ஊர்தி ஓட்டுபவர் இருப்பின், இப்பத்தியைக் கத்தரித்து அவரது கையில் கொடுங்கள்.