மண்டிக் கமிஷன் போய் மெஷின் வாடகை

கிருஷ்ணகிரி வட்டாரத்தில் மாம்பழத்தை மண்டிக்கு ஏற்றாமல், சாலையோரத்தில் கொட்டகை போட்டுத் தாமே விற்கும் சிறு விவசாயிகள் உண்டு. பல கமிஷன் மண்டிகளில் நூற்றுக்குப் பத்து ரூபாய் வரை பிடித்துக்கொள்வதால்தான் இந்த ஏற்பாடு. பெங்களூர் சாலையில் காரை நிறுத்துகிறவர்களிடம் பெரும்பாலும் ரொக்கம் இருப்பதில்லை. கார்டு வாங்குவீர்களா என்று நாலு பேர் கேட்டதும், விவசாயி வங்கிக்குப் போய்க் கார்டு மெஷினுக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார். கையெழுத்துப் போடுமுன் ஒரு கணக்குப் பார்ப்பது நல்லது.

மெஷினுக்கு ஆகும் செலவு இரு வகை. ஒன்று விற்பனையில் பிடிக்கும் கமிஷன். மற்றது மாத வாடகை. எல்லோரும் கமிஷனைப் பற்றியே விசாரிக்கிறார்கள். ஆனால் ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டவரிடம், மெஷினில் தேய்க்கும் டெபிட் கார்டுக்கு 0.40 சதவீதத்துக்கு மேல் பிடிக்கக் கூடாது என்று 2018 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி வரம்பு கட்டியது. ஆயிரம் ரூபாய்க்கு நாலு ரூபாய்தான். இதை வாங்குபவர் தலையில் கட்டவும் கூடாது. ரூபே டெபிட் கார்டுக்கும் வங்கிக் கணக்கிலிருந்து வரும் யு.பி.ஐ. பணத்துக்கும் 2020 ஜனவரி முதல் அந்தக் கமிஷனும் நீக்கப்பட்டது. கிரெடிட் கார்டுக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. ஒப்பந்தத்தைப் பொறுத்து 2 சதவீதத்தை ஒட்டி இருக்கும்.

சிறு விவசாயியைக் கடிப்பது வாடகைதான். அது வங்கிக்கு வங்கி மாறும். மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 18 சதவீத ஜி.எஸ்.டி.யுடன் 590 ரூபாய். அந்த மாதம் கார்டில் 5,000 ரூபாய்க்குத்தான் வியாபாரம் என்றால், நூற்றுக்கு ஏறக்குறைய 12 ரூபாய் வாடகைக்கே போயிற்று. மண்டிக்காரர் பிடித்ததைவிட இது அதிகம்! அதிலும் மாம்பழம் மூன்று மாதச் சரக்கு. வாடகையோ பன்னிரண்டு மாதமும் ஓடி, ஆண்டுக்கு 7,080 ரூபாய் ஆகிவிடும். கொட்டகையைப் பிரித்து, அடுத்த பூ வரும் வரைக்கும் கணக்கிலிருந்து பணம் கழிந்துகொண்டே இருக்கும். பாஸ் புத்தகத்தைப் பதிந்து பார்க்கிறவருக்குத்தான் அது கண்ணில் படும்.

கார்டு வைத்திருப்பவர் கையில் பெரும்பாலும் செல்போனும் யு.பி.ஐ.யும் இருக்கின்றன. ஆகவே சாலையோரக் கொட்டகைக்கு அச்சடித்த க்யூ.ஆர். அட்டை ஒன்றே போதுமானது. பணம் வந்ததை உரக்கச் சொல்லும் பெட்டிக்கும் மாத வாடகை கேட்பதுண்டு. தராசடியிலேயே உட்கார்ந்து விற்பவருக்கு அது அவசியமில்லை. வாங்குபவர் நீட்டும் திரையை நம்பாமல், தம் செல்போனில் பணம் வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டால் சரி. யு.பி.ஐ.யிலும் ஒரு சங்கதி உண்டு. ரூபே கிரெடிட் கார்டை அதில் இணைத்துப் பணம் செலுத்தினால், 2,000 ரூபாய் வரை சிறு வியாபாரிக்குக் கமிஷன் இல்லை. அதற்கு மேல் உண்டு. கல்யாணத்துக்குப் பெட்டி பெட்டியாக வாங்குகிறவரிடம் கணக்கிலிருந்தே அனுப்பும்படி கேட்டுக்கொள்ளலாம்.

பெரிய அளவில் கார்டு வியாபாரம் நடக்கும் இடத்தில் மெஷின் வைப்பதில் தவறில்லை. அப்போது விற்றுமுதல் 20 லட்சத்துக்கு உட்பட்டது என்பதை எழுதிக் கொடுத்து, சிறு வியாபாரி விகிதத்தையே கேட்க வேண்டும்.

பயிர்க்கடனுக்கு அறுவடையை ஒட்டித் தவணை வைக்கத் தெரிந்த வங்கிகள், மெஷினுக்கு மட்டும் ஆண்டு முழுதும் வாடகை பிடிப்பது பொருத்தமாக இல்லை. பருவ மாதங்களுக்கு மட்டும் வாடகை என்ற ஏற்பாட்டை வங்கிகள் கொண்டுவர வேண்டும். அதுவரையில் பருவம் முடிந்ததும் மெஷினைத் திருப்பிக் கொடுத்துவிடுவதே லாபம். முன்கூட்டியே திருப்பினால் அபராதம் உண்டா என்பதை வாங்கும்போதே கேட்டுக்கொள்ள வேண்டும். ஒப்படைக்கும்போது தேதியிட்ட ரசீது இல்லாமல் வங்கியை விட்டு வரக் கூடாது.